சத்தத்தைக் கேட்கப் பழகுவோம்

வாகனம் என்றால் அது ஆண்களின் விஷயம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். யுத்தம் அந்தப் பேச்சைப் பொய்யாக்கிவிட்டது. துணையை இழந்த எத்தனையோ சகோதரிகள் இன்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஓட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். லாண்ட் மாஸ்டர் பிடித்து வயல் உழுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாகனம் பழுதாகும்போது மட்டும் நாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறோம். கராஜில் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். கேட்ட காசைக் கடன்பட்டாவது கொடுக்கிறோம். சரியாகத்தான் செய்தார்களா என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

இந்த மாதம் ஒரு வாகனப் பழுதைப் பற்றி எழுதுகிறேன். சமூகப் பணியாளருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது, நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது கற்றுக்கொண்ட ஒரு சின்னப் பழக்கம். அது உங்களுக்கும் உதவும்.

நான் வேலை செய்வது சப்ரகமுவவில். கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும், சில வேளைகளில் இரத்தினபுரிப் பக்கத்துக்கும் போய் வருகிறேன். அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குப் போகும் பிரதான வீதி நல்ல தார் வீதி. அதை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் கதை வேறு. கல்லும் சேறும் நிறைந்த ஏற்றம். மழைக்குக் குறைவில்லாத பிரதேசம். மேல் பிரிவு லயங்களிலிருந்து ஒரு கர்ப்பிணித் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதென்றால் எங்கள் அலுவலக வாகனத்தை விட்டால் வேறு வழி சில நாட்களில் இருப்பதில்லை.

அது யப்பானில் பாவித்து இங்கே வந்த, நான்கு சில்லும் இழுக்கக்கூடிய ஒரு சிறிய பழைய ஜீப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் பொருளாதார நெருக்கடியும் வந்த பிறகு, பழைய வாகனத்தைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்கு. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் அந்த விலைக்கு நாங்கள் கிட்டப் போக முடியாது. சாரதிக்குச் சம்பளம் கொடுக்கவும் முடியாமல் போனதால் நானே ஓட்டுகிறேன்.

பின் சீட்டிலிருந்து வந்த தகவல்

சத்தத்தை முதலில் கேட்டது நான் அல்ல. பால் வெட்டும் ஓர் அக்கா. தன் மகளைக் கிளினிக்குக் கூட்டிப் போக ஏறியிருந்தார். "மிஸ், சீட்டுக்குக் கீழ யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கு" என்றார். முன்னால் இருந்த எனக்கு அது எஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. அடுத்த தடவை கண்ணாடியை இறக்கிவிட்டுக் கவனித்தேன். ஏற்றத்தில் காலை அழுத்தும்போது "டங்" என்று ஒரு தட்டு. காலை எடுக்கும்போது இன்னொரு தட்டு.

ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். தார் வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்து, "ஒரு சத்தமும் இல்லையே, மிஸ் பயப்படுறீங்க" என்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு சத்தம் கூடியதால் இன்னோர் இடத்துக்குப் போனேன். அங்கே ஜீப்பை உயர்த்திப் பார்க்காமலே, "டிப்ரன்ஷல் முடிஞ்சுது, முழுசா மாத்தணும்" என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். எங்கள் அலுவலகம் அந்தத் தொகையைத் தாங்காது. ஜீப்பை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மேல் பிரிவுகளுக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒரு வாகனம் நின்றால் அதோடு எத்தனை பேருடைய கிளினிக், எத்தனை பேருடைய பதிவு வேலை நின்றுபோகும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பணம் வேண்டுமே.

முடிவெடுக்க ஒரு மாத அவகாசம் கேட்டு வாங்கினேன்.

ஒரு குடும்பத்தின் பிரச்சினையைக் கேட்கும்போது நாங்கள் எழுதிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. எப்போது நடந்தது? எங்கே? அதற்கு முன் என்ன நடந்தது? யார் பார்த்தார்கள்? நடக்காத நாட்களில் என்ன வித்தியாசம்? அதே மாதிரி ஜீப்புக்கும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். பின் சீட்டில் ஏறுபவர்களிடமும் கேட்டு எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. அதைப் படித்தபோது எனக்கே விஷயம் தெளிந்தது.

தார் வீதியில் சத்தம் இல்லை. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதும் இல்லை. ஈரமான கல் ஏற்றத்தில் காலை அழுத்தும்போதும், வழுக்கும் இடத்தில் பின்னுக்கு எடுக்கும்போதும் மட்டும்தான் வருகிறது. ஒரே ஒரு தட்டு. தொடர்ச்சியான இரைச்சல் எதுவும் கிடையாது. எல்லோரும் சொன்ன இடம் பின் சீட்டுக்குக் கீழே.

டிப்ரன்ஷல் என்பது என்ன?

மாட்டு வண்டி திரும்பும்போது பாருங்கள். வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடும், உட்பக்கச் சில்லு குறைய ஓடும். இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுவதால் வண்டிக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் எஞ்சின் இரண்டு சில்லையும் சேர்த்துச் சுற்ற வேண்டும் என்றால், சக்தியைக் கொடுக்கவும் வேண்டும், ஒன்றைக் கூடவும் மற்றதைக் குறையவும் சுற்ற விடவும் வேண்டும். இரண்டையும் செய்யும் பற்சில்லுகள் அடங்கிய இரும்புப் பெட்டிதான் டிப்ரன்ஷல்.

லொறியிலும் பல பழைய வான்களிலும் இது பின் அச்சுக்கு உள்ளேயே இருக்கும். அவற்றில் நான் சொல்லும் பழுது வராது. பின் சில்லுகள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் வாகனங்களில் இந்தப் பெட்டி அச்சில் இல்லாமல் வாகனத்தின் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். பொருத்தும் இடங்களில் இரும்பும் இரும்பும் நேரே முட்டாதபடி நடுவில் இறப்பர் இருக்கும். அதைத்தான் மவுண்டிங் என்கிறோம். எஞ்சின் முறுக்கும்போது பெட்டியும் முறுக்கிக்கொண்டு எழும்பப் பார்க்கும். அந்த முறுக்கை வாங்கிக்கொள்வது இந்த இறப்பர். இறப்பர் கிழிந்தால் பெட்டி எழும்பி இரும்பில் முட்டும். நாங்கள் கேட்ட "டங்" அதுதான்.

எங்கள் ஜீப்பில் சாதாரணமாக இழுப்பவை முன் சில்லுகள். அவை வழுக்கும்போதுதான் பின் டிப்ரன்ஷலுக்குச் சக்தி போகும். அதனால்தான் தார் வீதியில் சத்தம் வரவில்லை. கராஜில் சத்தம் இல்லை என்று சொன்னதும் அவர்கள் ஓடிய வீதிக்கு உண்மை. தோட்டத்து ஏற்றத்தில் அக்கா கேட்டதும் உண்மை.

பாஸ் பார்த்த விதம்

கொப்பியோடு, வீதியோரத்தில் சிறிய கராஜ் வைத்திருக்கும் வயதான சிங்களப் பாஸ் ஒருவரிடம் போனேன். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "அப்ப தார் ரோட்டுல பாத்து வேலையில்ல, வாங்க" என்று ஜீப்பைத் தோட்டத்து ஏற்றத்துக்கே கொண்டுபோனார். பின் சீட்டில் தான் அமர்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். இரண்டு தட்டுக் கேட்டதும் போதும் என்றார்.

பிறகு அவர் செய்ததையும் சொன்னதையும் உங்களுக்காக எழுதுகிறேன். சத்தம் எப்படி வருகிறது என்பதை வைத்தே பாதி பழுதைப் பிரிக்கலாம். பள்ளத்தில் விழும்போது மட்டும் தட்டினால் சொக் அப்சோபரையும் அதன் புஷ்களையும் பார்க்க வேண்டும். திரும்பும்போது "டக் டக்" என்று வந்தால் சில்லுக்குப் போகும் அச்சின் மூட்டு. வேகம் கூடக்கூட இரைச்சலும் கூடினால் டிப்ரன்ஷலுக்கு உள்ளே பெயாரிங்கோ பற்சில்லோ தேய்ந்திருக்கலாம், அல்லது ஒயில் குறைந்திருக்கலாம். காலை அழுத்தும்போதும் எடுக்கும்போதும் மட்டும் ஒரு தட்டு வந்தால் மவுண்டிங் அல்லது புரொப்பலர் ஷாப்டின் மூட்டு. எங்கள் கொப்பி கடைசியாகச் சொன்னதைத்தான் காட்டியது.

சமமான தரையில் ஜீப்பை நிறுத்தி, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள் வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. இதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை, ஜக் வழுகினால் உயிர் போகும்.

சைலன்சர் குழாய் எங்கும் முட்டவில்லை என்று முதலில் பார்த்தார். புரொப்பலர் ஷாப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருகி, மூட்டுகளில் ஆட்டம் இல்லை என்று காட்டினார். பிறகு ஒரு நீண்ட லீவர் கம்பியை டிப்ரன்ஷலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்பினார். நல்ல மவுண்டிங் கொஞ்சம் இணங்கித் திரும்பவும் பழைய இடத்துக்கு வரும். எங்களுடையது முன்பக்கத்தில் முழுதாக வாய் திறந்தது. இறப்பர் இரும்பை விட்டுக் கழன்று, கறுப்புப் பசை போல உப்பியிருந்தது. இரும்பு முட்டிய இடம் மட்டும் துருவில்லாமல் பளபளத்தது. பின்பக்க மவுண்டிங்குகளில் வெடிப்புகள் தெரிந்தன. டிப்ரன்ஷலுக்கு உள்ளே பற்சில்லுகள் நல்ல நிலையில் இருந்தன.

சத்தத்துக்குப் பின்னால் இருந்த காரணம்

இந்த இடத்தில் பாஸ் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. "இறப்பரை மாத்துறது லேசு. ஏன் கிழிஞ்சதுன்னு பாக்காம மாத்தினா திரும்பவும் வருவீங்க" என்றார்.

இறப்பர் உப்பியிருந்ததற்குக் காரணம் ஒயில். புரொப்பலர் ஷாப்ட் டிப்ரன்ஷலுக்குள் நுழையும் இடத்தில் ஒயில் சீல் கசிந்து, நேரே கீழே முன் மவுண்டிங்கில் சொட்டியிருந்தது. இயற்கை இறப்பருக்கு எண்ணெய் ஆகாது. இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். இரண்டு இறப்பர் பட்டிகளில் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டு வையுங்கள். அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும். காலையில் அது உப்பி நீண்டு, இழுத்தால் சுலபமாக அறுந்துபோகும். மற்றது அப்படியே இருக்கும்.

சீல் ஏன் கசிந்தது? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. டிப்ரன்ஷல் ஓடும்போது சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துச் சேறு அதை அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத காற்று ஒயிலைச் சீலின் ஊடாகத் தள்ளியிருக்கிறது. மூச்சுக்குழாயில் சேறு, அதனால் சீலில் கசிவு, அதனால் இறப்பர் உப்பல், அதனால் கிழிசல், அதனால் சத்தம். முழு டிப்ரன்ஷலையும் மாற்றியிருந்தால்கூட, மூச்சுக்குழாயைத் துப்புரவாக்காமல் விட்டிருந்தால் பின்னும் அதே கதைதான்.

கிழிந்த மவுண்டிங்கோடு தொடர்ந்து ஓடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நாள் ஓடும் என்றார். ஆனால் பெட்டி ஆட ஆட புரொப்பலர் ஷாப்டின் மூட்டுகளும் பக்க அச்சுகளும் சாய்ந்து தேயும், போல்ற்றும் அறலாம். அப்போது உண்மையாகவே பெரிய செலவு வரும்.

மாற்றிய விதம்

இரும்புப் பாகம் தேவைப்பட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்ததை வாங்கலாம், பரவாயில்லை என்றார் பாஸ். இறப்பர் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். பாவித்த வாகனத்தில் கழற்றிய மவுண்டிங் வெளியே அழகாகத் தெரிந்தாலும் அதற்கும் வயது போயிருக்கும். இறப்பர் ஓடாமல் கிடந்தாலும் வெயிலிலும் சூட்டிலும் இறுகி வெடிக்கும். ஒன்று கிழிந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதானே என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொன்னார்.

வேலை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். டிப்ரன்ஷலுக்குக் கீழே பலகை வைத்த ஜக்கைக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கிக்கொண்டார். பிறகுதான் போல்ற்றுகளைக் கழற்றினார். சில மவுண்டிங் சட்டத்தோடு சேர்ந்தே வரும், போல்ற்றைக் கழற்றி மாற்றினால் போதும். சில இரும்பு வளையத்துக்குள் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். அவற்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதிய இறப்பர் அப்போதே சேதமாகும். பிரஸ் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்து, பழையது இருந்த திசையைக் குறித்துவைத்து, அதே திசையில் ஏற்ற வேண்டும். எங்களுடையவற்றில் முன் மவுண்டிங் அப்படிப்பட்டது.

சீலை மாற்றி, மூச்சுக்குழாயைத் துப்புரவாக்கி, எல்லாப் போல்ற்றையும் முதலில் கையால் பிடிக்க விட்டார். பெட்டி தனது இடத்தில் சாய்வில்லாமல் அமர்ந்த பின்னரே இறுக்கினார். முறுக்கிய நிலையில் இறுக்கினால் இறப்பர் எப்போதும் இழுபட்டபடியே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியில் பழைய ஒயிலை இறக்கிப் புதிய ஒயிலை நிரப்பும் துவாரத்தின் விளிம்பு வரை விட்டார். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார். முன்பு கேட்ட தொகையோடு பார்த்தால் செலவு மிகச் சிறியது. அன்று மாலையே மேல் பிரிவுக்கு ஏறினோம். சத்தம் இல்லை. மேல் பிரிவுகளுக்குப் போவதை நிறுத்துவது பற்றிய பேச்சும் அதோடு நின்றது.

அந்த இறப்பர் எங்கிருந்து வந்தது?

அந்தப் புதிய மவுண்டிங்கைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. 1876இல் பிரேசிலில் இருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அதே ஆண்டு கம்பஹாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. இலங்கையின் இறப்பர் அங்கேதான் தொடங்கியது. பின்னர் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மலைகள் இறப்பர் மலைகளாகின. 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய உடன்படிக்கையை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த நாட்டு மக்கள் உண்ட சோற்றில் பால் வெட்டிய பெண்களின் பங்கும் உண்டு.

என் அம்மா இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் சிறுமியாக இருந்தபோது விடியற்காலையில் தன் தாயோடு பால் வெட்டப் போனவர். மரப்பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையில் பால் சொட்ட விட்டு, மத்தியானத்துக்கு முன் சேர்த்து எடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைய பேரும் இல்லை. 1977 ஆகஸ்ட் வன்செயலில் லயத்தை விட்டு உடுத்த துணியோடு வவுனியாவுக்குப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நான் பிறந்தது வவுனியாவில். பிறகு அங்கேயும் யுத்தத்தைப் பார்த்தோம். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு இதே கதை இருக்கும். அம்மா வெட்டிய பால் எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்குப் போனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய மவுண்டிங்கை அவரிடம் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்து, "எண்ணெய் குடிச்சிருக்கு" என்றார். பாஸ் கம்பி வைத்து நெம்பிப் பார்த்ததை அம்மா விரலால் அறிந்தார்.

உங்கள் ஓட்டோவிலும் இதே இறப்பர்தான்

உங்களில் பலரிடம் ஜீப் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டோவில் டிப்ரன்ஷல் எஞ்சின் கியரோடு சேர்ந்து பின்னாலேயே இருக்கிறது. அந்த எஞ்சினைத் தாங்குவதும் இறப்பர் மவுண்டிங்தான். கிளச்சை விட்டு எடுக்கும்போது பின்னால் ஒரு தட்டு, நிற்கும்போது முன்னரை விடக் கூடிய நடுக்கம் இவை இரண்டும் வந்தால் முதலில் அந்த இறப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் கசிவு அதன் மேல் விழுகிறதா என்றும் கேளுங்கள்.

கராஜுக்குப் போகும்போது ஒரு சின்னக் கொப்பியோடு போங்கள். சத்தம் எந்த வீதியில், எந்தக் கியரில், ஏற்றத்திலா இறக்கத்திலா, ஆட்கள் ஏறிய பின்னா வெறுமையாகவா என்று எழுதியிருங்கள். சத்தம் வரும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பாகத்தை மாற்றச் சொன்னால், "கழற்றிக் காட்டுங்க, எதால பழுதாச்சு?" என்று கேளுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரிய தொகை என்றால் இன்னோர் இடத்திலும் காட்டுங்கள். இவை எதுவும் மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. வேலை தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

பின் சீட்டில் இருந்தவருக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. ஆகவே உங்கள் காதுக்குக் கேட்டதை, "உனக்கு என்ன தெரியும்" என்று யாராவது ஒதுக்கினால், பேசாமல் திரும்பிவராதீர்கள். எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.